குஞ்சுக்குச் சாயம் பூசிய புரட்டாசி

கோழி வளர்க்கத் தொடங்கும்வரை எனக்குப் பறவைகளைப் பற்றி நிறையத் தெரிந்திருந்தது. ஓய்வு பெற்ற பிறகு வாங்கிய புத்தகங்களில் பறவைகளைப் பற்றியவை மட்டும் அலமாரியில் ஒரு தட்டை நிறைத்திருந்தன. கள்ளப்பருந்துக்கும் செம்பருந்துக்கும் வாலில் என்ன வித்தியாசம் என்பதைக் கேட்காதவர்களுக்கும் சொல்லுவேன். குடவாசல் பஸ்ஸில் ஒருவர் இதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே வந்து, அவர் இறங்க வேண்டிய இடத்துக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டார்.

வேலை பார்த்தது வருவாய்த் துறையில். அடங்கலும் சிட்டாவும் ஜமாபந்தியுமாகக் காலம் போயிற்று. வீட்டு விஷயங்களைக்கூட நிலவரிக் கணக்குக்கான பசலி ஆண்டில் சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. கொல்லை மாமரம் முதலில் காய்த்தது எந்தப் பசலி, அடிபம்பு பழுதானது எந்தப் பசலி என்று கேட்டால் உடனே சொல்வேன். என் மனைவி சில சமயம் ஒரு தேதியை மறந்துவிட்டு என்னிடம் கேட்பாள். நான் தேதி, கிழமை, அன்று வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்ததா என்பதுவரை சொல்லி முடிப்பதற்குள் அவள் அடுக்களைக்குப் போயிருப்பாள்.

இப்படிப்பட்டவனிடம் சென்ற ஆவணியில் ஒரு கோழி வந்து சேர்ந்தது.

கோழியின் சொந்தக்காரர் எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டு அக்கா. முப்பது வருடப் பழக்கம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் எனக்கும் என் மனைவிக்கும் அக்கா. அவருடைய கணவருக்குக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை. மருமகன் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். பழைய ஓட்டு வீட்டை இடித்து மாடி வைத்துக் கட்டுவதற்காகக் குடும்பம் கடைத்தெருவில் ஒரு வாடகை மாடிக்குக் குடிபெயர வேண்டியிருந்தது. சாமான்களெல்லாம் வண்டியில் ஏறிய பிறகு, அடையில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுவிடைக் கோழி மட்டும் ஏறவில்லை. அதை முட்டைகளோடு, கூடையோடு, இரண்டு வீடு தள்ளி எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தார்.

"தங்கச்சி, இத உங்கிட்ட விட்டுட்டுப் போறேன். அந்த மாடியில துணி காயப்போடவே எடமில்ல. கோழிய எங்கேருந்து மேய விடுறது?"

"அதுக்கென்னக்கா. வாரத்துக்குன்னே வச்சுக்குறேன்" என்றாள் என் மனைவி.

வாரம் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நிலத்தில் உள்ள வாரம்தான் கோழிக்கும். கோழி ஒருவருடையது, தீனியும் காவலும் இன்னொருவருடையது. குஞ்சுகள் வளர்ந்த பிறகு ஆளுக்குப் பாதி. தாய்க்கோழி கொடுத்தவருக்கே திரும்பும். இதற்குப் பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது.

"பாதிக்குப் பாதி. ஆனா சேவல் எம்பக்கம் கொஞ்சம் கூட விழுந்தா நல்லது, பாத்துக்க. தை மாசம் புள்ளைக்கு ஆகணும்" என்றார் அக்கா.

பிள்ளை என்றது அவருடைய மகளை. இரண்டாவது பிரசவம். முதல் பிரசவம் வளைகுடாவில் நடந்தது. அக்காவுக்கு விசா கிடைக்கவில்லை. மகள் படுக்கையில் ரொட்டியும் பாலும் சாப்பிடுவதை வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அந்தப் பெண் ஊருக்கு வந்தபோது வளையல் முழங்கைவரை ஏறிப் போனதை அக்கா எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறார். "போன்ல சாறு ஊத்திக் குடுக்க முடியுமா?" என்பார். இந்த முறை மகள் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கே வருகிறாள். பெற்ற உடம்புக்குச் சிறுவிடைச் சேவலில் மிளகுச் சாறு வைத்துத் தன் கையால் ஊற்ற வேண்டும். வீடு இடிபட்டுக் கிடக்கும் நேரத்தில் அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒன்றைத்தான்.

"டாக்டர் என்ன தேதி குடுத்துருக்காங்க?" என்று நான் குறுக்கே புகுந்தேன்.

"தை கடைசின்னாங்க தம்பி. அதையும் எழுதி வச்சுக்கிடுங்க."

எழுதி வைத்துக்கொண்டேன்.

பிள்ளையார் சதுர்த்தி கழிந்த வெள்ளிக்கிழமை குஞ்சுகள் பொரித்தன. பதினொன்று. காய்ந்த சருகு நிறத்தில், முதுகில் கறுப்புக் கோடு போட்டு, ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழம் அளவு. சிறுவிடை என்பது பெயரில் மட்டுமல்ல. தாயே ஒரு கைக்குள் அடங்கிவிடும். மூன்றாம் நாள் ஒரு காகம் வந்து, என் மனைவி நொய்யரிசி தூவிக்கொண்டிருக்கும்போதே ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு போயிற்று. நான் அப்போது பக்கத்தில்தான் நின்றேன். அது அண்டங்காக்கையா மணிக்காக்கையா என்று கழுத்து நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, கையில குச்சி இருக்குல்ல?" என்றாள்.

இருந்தது.

அன்று முதல் காவல் என் பொறுப்பாயிற்று. எங்கள் கொல்லையின் பின்னால் வாய்க்கால். வாய்க்கால் கரையில் மூங்கில் புதர். அதற்கப்பால் சம்பா வயல். புதரில் கீரி, வானத்தில் பருந்து, வேப்பமரத்தில் வல்லூறு, மதிலில் யாருடையதென்று தெரியாத ஒரு பூனை. நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து எதிரிகளை வகைப்படுத்தினேன். எது காலையில் வருகிறது, எது வெயில் ஏறிய பிறகு வருகிறது என்பதெல்லாம் சில நாட்களில் துல்லியமாகத் தெரிந்துவிட்டது. அவை வரும்போது என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

முதலில் பழைய சி.டி.க்களைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டேன். வெயிலில் பளபளத்தன. மைனாக்கள் வந்து முகம் பார்த்தன. பிறகு ஒரு வைக்கோல் பொம்மை செய்தேன். அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டை, கருப்புப் பேண்ட், பழைய மூக்குக்கண்ணாடி. முகம் சரியாக வரவில்லை என்றாலும் தோள் என்னுடையது போலவே சரிந்திருந்தது. மறுநாள் வாய்க்கால் கரையில் போன ஒருவர் வெகுநேரம் வேலிக்கு வெளியே நின்றார். பட்டா மாறுதலுக்கு மனு கொடுத்து ஆறு மாதம் ஆகிவிட்டதாம். யாரைப் பார்ப்பது என்று விவரம் கேட்டிருக்கிறார். பதில் வராததால் வாசல் பக்கம் சுற்றி வந்து என் மனைவியிடம் முறையிட்டார்.

"சார் முன்ன மாதிரியே இருக்காரும்மா. ஒரு வார்த்த பேச மாட்டேங்குறாரு."

காகங்கள் மட்டும் ஏமாறவில்லை. பொம்மையின் தோளில் உட்கார்ந்து எச்சமிட்டன.

பருந்து விஷயத்தில் வேறொரு சிக்கல் இருந்தது. கள்ளப்பருந்து வந்தால் என் மனைவி கல்லெடுப்பாள். செம்பருந்து வந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்; அது கருடன். புரட்டாசி பிறந்துவிட்டது. புரட்டாசிச் சனிக்கிழமை கருடன் கொல்லைக்கு மேல் வட்டமிட்டால், அது எதைப் பார்த்து வட்டமிடுகிறது என்பது அவளுக்கு முக்கியமில்லை. அதை விரட்ட நான் தட்டைத் தட்டப் போனால் கையைப் பிடித்துக்கொள்வாள்.

"பெருமாளே வந்துருக்காரு, தட்டத் தட்டுறீங்களே."

"பெருமாள் காட்சி குடுக்க வரலடி. சாப்புட வந்துருக்காரு."

"இந்தப் பேச்செல்லாம் புரட்டாசியில வேணாங்க."

கீரியும் அப்படித்தான். வெளியே கிளம்பும்போது கீரி குறுக்கே போனால் போகிற காரியம் நடக்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அந்த மாதம் எங்கள் வீட்டில் காலையில் கருடன், மதியம் கீரி என்று சகுனங்கள் குவிந்துகொண்டே இருந்தன. இவ்வளவு நல்ல சகுனங்களுக்கு நடுவே ஒரு குடும்பம் இருந்தால் அதன் கோழிகள் மிஞ்சுவது கஷ்டம்.

இந்த நிலையில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. திருவையாற்றில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, சாலையோரத்தில் பச்சையும் ரோஸும் அடித்த கோழிக்குஞ்சுகளைக் கூடையில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். சாயம் பூசினால் பருந்துக்கு அது குஞ்சென்றே தெரியாது என்று கூட வந்தவர் ஒருவர் சொன்னார். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆனால் எந்தப் புத்தகத்திலும் மறுத்தும் படித்ததில்லை. சாயப்பொடி விஷமாக இருக்கலாம் என்பதால், தின்றாலும் கெடுதல் இல்லாததாகத் தேடி, அடுக்களையிலிருந்து கேசரிப் பவுடரை எடுத்தேன். டப்பாவில் கொஞ்சம்தான் இருந்தது. ஐந்து குஞ்சை முக்கியெடுப்பதற்குள் தீர்ந்துவிட்டது.

ஐந்து கேசரி நிறம், ஐந்து சருகு நிறம். சரிபாதி. அந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் கடைக்குப் போய் இன்னொரு டப்பா வாங்கியிருப்பான். நான் அதில் ஓர் ஒழுங்கைக் கண்டேன். அக்காவின் பங்குக்குத்தான் முதல் பாதுகாப்பு. பிரசவச் சாறுக்கு ஆக வேண்டியவை. அவற்றுக்கு ஒன்றும் நேரக் கூடாது. என் பங்கு எப்படியோ போகட்டும். இப்படியொரு தியாகத்தை நான் அரசுப் பணியில் இருந்த காலத்தில் செய்ததில்லை. பூரிப்பில் ஐந்து குஞ்சையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அக்காவுக்கு அனுப்பினேன். "இந்த ஐந்தும் உங்கள் பங்கு. தனியாக அடையாளமிட்டுப் பராமரிக்கப்படுகிறது" என்று கீழே எழுதினேன். அக்கா ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.

"எதுக்குங்க இப்பவே பிரிச்சீங்க?" என்றாள் என் மனைவி.

"கணக்கு தெளிவா இருக்கட்டும்னுதான்."

"குஞ்சு இருந்தாத்தான கணக்கு?"

அந்த வாரமே ஒரு கேசரி போயிற்று. இரண்டாம் புரட்டாசிச் சனியன்று இன்னொன்று போயிற்று. இரண்டு முறையும் நான் காவலில்தான் இருந்தேன். ஒரு முறை கண் அசந்திருந்தேன், இன்னொரு முறை செய்தித்தாளின் நடுப்பக்கத்தில் இருந்தேன். அக்காவிடம் எப்படிச் சொல்வது? "உங்கள் பங்கில் இரண்டு நஷ்டம், எங்கள் பங்கு முழுசாக இருக்கிறது" என்று எந்த முகத்தோடு சொல்வது? ஊரில் இதைக் கேட்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் நினைப்பேன்.

எனவே புதிதாக ஒரு டப்பா கேசரிப் பவுடர் வாங்கி வந்து, எங்கள் பங்கிலிருந்து இரண்டைப் பிடித்து முக்கினேன். ஐந்து மறுபடி ஐந்தாயிற்று. என் மனைவி அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்குப் பேரு என்னங்க ஆபீஸ்ல?"

"பட்டா மாறுதல்" என்றேன்.

"மனுதாரர் கையெழுத்துப் போட்டாச்சா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் போட்டோ அனுப்பினேன். கட்டைவிரல் வரவில்லை. போன் வந்தது.

"தம்பி, நல்லா இருக்கீங்களா? ஒண்ணு கேக்குறேன். அந்தக் கொண்டக் குஞ்சு எப்பலேருந்து எம்பங்குக்கு வந்துச்சு?"

குஞ்சுகளில் ஒன்றுக்குத் தலையில் சிறு குடுமி இருந்தது. சாயம் அடித்தால் குடுமி மறையாது என்பதை நான் யோசித்திருக்கவில்லை.

"அது வந்துக்கா... ஒரு சின்ன மாற்றம்."

"மொத போட்டாவுல இல்லியே."

"இல்லதான்."

"எத்தன போச்சு?"

சொன்னேன். அவர் பேச்சில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"நான் வாரத்துக்கு விட்டது கோழிய, தம்பி. குஞ்ச இல்ல. வளந்து நின்னாத்தான் உன் பங்கு எம் பங்கு. அதுக்கு முன்ன போனது ரெண்டு பேருக்கும்தான் போனது. நீங்க பிரிச்சு வச்சுட்டு, எனக்குப் போனத நீங்க ஈடு கட்டி... எதுக்கு இந்த வேல? எனக்குக் கணக்கே வேணாம். தையில எம்புள்ளைக்கு ரெண்டு சேவல் வேணும். அதுக்கு வழி பண்ணுங்க."

வாரத்தின் சட்டத்தை எனக்கு ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது என்பதுதான் வேடிக்கை. களத்துக்கு வராத நெல்லை அளக்கக் கூடாது என்று எத்தனை தகராறுகளில் நானே நின்று சொல்லியிருக்கிறேன்! கதிர் வயலில் நிற்கும்போதே இது உன் வரப்பு, இது என் வரப்பு என்று பிரித்தால், வெள்ளம் வந்தால் ஒருவனுக்கு மட்டும் நஷ்டம் என்று ஆகிவிடும். அதற்காகத்தான் வாரம். மழையும் பூச்சியும் இருவருக்கும் பொது. நான் கொல்லையில் வரப்புப் போட்டுவிட்டு, வெள்ளத்தை ஒரு பக்கமாகத் திருப்பியும் விட்டிருந்தேன்.

எந்த அளவுக்குத் திருப்பி விட்டிருந்தேன் என்பது மறுநாள் பகலில் தெரிந்தது. தாய்க்கோழி வாய்க்கால் கரைப் புல்லில் கிளறிக்கொண்டிருந்தது. குஞ்சுகள் சுற்றி மேய்ந்தன. இந்த முறை நான் செய்தித்தாளை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். வேப்பமரத்திலிருந்து வல்லூறு இறங்கியது. தாய் ஒரு குரல் கொடுத்தது. சருகு நிறக் குஞ்சுகள் மூன்றும் இருந்த இடத்திலேயே பம்மின. அவ்வளவுதான், எனக்கே அவை தெரியவில்லை. புல்லடி மண், மூங்கில் சருகு, அவற்றோடு ஒன்றாகிவிட்டன. கேசரிக் குஞ்சுகளும் அதேபோல் பம்மின. பச்சைப் புல்லில் ஐந்து உருண்டைக் கேசரி, பந்தியில் இலையில் வைத்த மாதிரி. வல்லூறு யோசிக்கவே இல்லை. ஒன்றை எடுத்துக்கொண்டு போயிற்று.

நான் கத்திக்கொண்டு ஓடினேன். வல்லூறு போன திசையில் ஓடி என்ன பயன் என்று எனக்குத் தெரியாது. வாய்க்கால் கரைவரை ஓடினேன்.

கடவுள் அந்தக் குஞ்சுகளுக்கு முதுகில் போட்டு அனுப்பியிருந்த கோடுகளை அழித்து, எதிரிகளுக்கு வசதியாக நான் அடையாளம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எடுத்த எடுப்பில் நான் செய்ய வேண்டியது ஒன்றுதான் என்று தோன்றிற்று: சாயத்தைக் கழுவ வேண்டும். நான்கு குஞ்சையும் பிடித்துக் குளிப்பாட்டினேன். கேசரிப் பவுடர் சட்டையில் பட்டால் போகாது என்பது எல்லோருக்கும் தெரியும். குஞ்சிலும் போகவில்லை. வெளிர் மஞ்சளாயிற்று, அவ்வளவுதான். ஈரத்தில் நடுங்கின. என் மனைவி முந்தானையில் சுற்றி, குண்டு பல்பின் கீழே வைத்து, ஒவ்வொன்றாகத் துடைத்தாள். மூன்று பிழைத்தன. ஒன்று அந்தச் சாயங்காலமே செத்துப்போயிற்று.

அதைக் கொய்யா மரத்தடியில் புதைத்தேன். கருடன், கீரி, காகம், வல்லூறு என்று எதிரிகளை வகைப்படுத்தி வைத்திருந்தேனே, அந்த வரிசையில் அன்று ஒரு புது இனம் சேர்ந்தது. வெள்ளைச் சட்டை போட்டது, பகலில் வருவது, நாற்காலி போட்டு உட்காருவது.

அக்காவுக்கு நானே போன் பண்ணி, இருப்பது ஆறு என்று சொன்னேன். "சேவல் எத்தன?" என்றார். இந்த வயதில் தெரியாது என்றேன். "கொண்டக் குஞ்சு இருக்கா?" இருந்தது. "அது சேவல்தான். நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கிது போட்டாவுல. அதயாச்சும் பத்திரமா வச்சிருங்க."

வேதாரண்யத்தில் உள்ள ஒரு நண்பரிடம் சொல்லி, கிழிந்துபோன மீன்வலை ஒன்றை பஸ்ஸில் வரவழைத்தேன். மூங்கில் நட்டுக் கொல்லையின் பாதிக்கு மேல் வலை கட்டினேன். கீழே செங்கல் அடுக்கி, கீரி நோண்டாமல் கம்பிவலையைப் புதைத்தேன். முதல் நாள் அந்த வலையில் சிக்கியது நான். சட்டைப் பொத்தான் மாட்டிக்கொண்டு, குனிந்த நிலையில், என் மனைவி கத்தரிக்கோலோடு வரும்வரை நின்றேன். குஞ்சுகள் என் காலடியில் மேய்ந்தன. அப்போது யாராவது வேலிக்கு வெளியே வந்து பட்டா மாறுதல் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. வாய்க்கால் நிரம்பி, மூங்கில் புதரில் இருந்த கீரிக்கு இடம் நனைந்து, அது எங்கள் பக்கமே குடிவந்துவிட்டது. மழையில் செங்கல் ஒன்று நகர்ந்த இடத்தில் ஒரு குஞ்சை இழுத்துக்கொண்டு போயிற்று. அதன் பிறகு ஒன்றும் போகவில்லை. ஐந்தும் வளர்ந்தன. மூன்று சேவல், இரண்டு பெட்டை. கொண்டைக் குஞ்சு சேவலேதான். கார்த்திகை முடிவதற்குள் கூவப் பழகிவிட்டது. தொண்டை கட்டிய ஆள் கூப்பிடுவது மாதிரி இருக்கும்.

அக்காவின் மகளுக்குத் தை கடைசி என்று சொன்ன பிரசவம் தை நடுவிலேயே ஆகிவிட்டது. பெண் குழந்தை. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று காலையிலேயே அக்கா போன் பண்ணினார். "இன்னைக்கு ஒரு சேவல் வேணும் தம்பி. உசுரோட. கடையிலேருந்து வந்து அவங்களே அறுத்துக்கிடுவாங்க. அசர் தொழுகைக்குள்ள ஆட்டோவுல வந்துருவேன்."

அக்கா வருவதற்குள் பிடித்துக் கட்டி வைப்பது என்று முடிவு செய்தேன். இவ்வளவு நாள் நான் செய்த குழப்படிக்கு, அன்றாவது ஒரு காரியத்தைக் கையில் கொடுக்க வேண்டும். ஆனால் ஐந்து மாதமாகக் கொல்லையில் எது அசைந்தாலும் தட்டைத் தட்டிக் கத்தி, அந்தக் கோழிகளை நான் ஒரு மாதிரி பழக்கி வைத்திருந்தேன். என் நிழலைக் கண்டாலே அவை பறக்கும். வலையைத் திறந்ததும் மூன்று சேவலும் மூன்று திசையில் போயின. ஒன்று முருங்கை மரத்தில் ஏறியது. ஒன்று மதிலில் ஏறியது. கொண்டைச் சேவல் வாய்க்காலைத் தாண்டி அறுவடைக்கு நிற்கும் சம்பாவுக்குள் புகுந்தது. நான் வாய்க்காலைத் தாண்டவில்லை, பாதியில் நின்றுவிட்டேன். தண்ணீர் குறைவுதான். சேறு நிறைய இருந்தது.

அக்கா வந்தபோது நான் முழங்கால்வரை சேற்றோடு கரையேறிக்கொண்டிருந்தேன்.

"யா அல்லா! தம்பி, என்னாது இது? நாத்து நடப் போனீங்களா?"

"சேவல் அந்தப் பக்கம் போயிருச்சுக்கா."

"பகல்ல யாராச்சும் கோழி புடிப்பாங்களா? சாயங்காலம் தானா வந்து அடையும்." திண்டாட்டத்தில் நான் மறந்திருந்த விஷயம் அது. என் மனைவி காலையிலேயே சொன்னாள். நான் கேட்கவில்லை.

பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை. மூவரும் கொல்லைப்படியில் உட்கார்ந்து, கோழிகளுக்குத் தோன்றுகிறபோது வரட்டும் என்று காத்திருந்தோம். அக்கா டீ குடித்தார். மகளுக்கு இடுப்பு வலி எடுத்த கதையைச் சொன்னார். குழந்தைக்கு யார் மூக்கு என்று இரண்டு வீட்டாருக்கும் நடக்கும் வழக்கைச் சொன்னார். அவர் கை மட்டும் மடியில் இருந்த கட்டைப்பையை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தது. கண் அடிக்கடி வயல் பக்கம் போயிற்று.

"வராம இருந்துருமா?" என்று ஒருமுறை கேட்டார்.

"வந்துரும்க்கா" என்றாள் என் மனைவி.

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "அக்கா, அஞ்சையும் நீங்களே எடுத்துக்கணும். எங்களுக்குப் பங்கு வேணாம்."

"ஏன் வேணாம்?"

"போனதுல பாதி என்னாலதான் போச்சு."

"பாதியா?" என்றாள் என் மனைவி.

அக்கா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "அப்படிக் குடுத்தா நான் சும்மா வாங்குன மாதிரி ஆயிரும் தம்பி. எம்புள்ளைக்கு நான் சும்மா வாங்கி ஊத்த மாட்டேன். வாரம்னா வாரம். மூணு சேவலும் எனக்கு, ரெண்டு பொட்டையும் தங்கச்சிக்கு. ஒண்ணு எனக்குக் கூட வருது, அதுக்குப் பதிலா தாய்க்கோழி வீடு முடியிற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும். முட்ட பூரா உங்களுக்கு. சரியா தங்கச்சி?"

"சரிக்கா."

"தம்பி?"

என்னிடம் கேட்டதே பெரிய மரியாதை என்று பட்டது. சரி என்றேன்.

வெயில் தணிந்தது. முதலில் தாய்க்கோழி, வலைக்குள் போட்டிருந்த சிறு கீற்றுக்கூரைக்குள் போயிற்று. பின்னாலேயே பெட்டைகள். மதிலில் இருந்தது இறங்கிற்று. முருங்கையில் இருந்தது தொப்பென்று விழுந்து, ஒன்றும் நடக்காதது போல நடந்து வந்தது. கடைசியாகக் கொண்டைச் சேவல் நெற்கதிர்களுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. என்னைப் பார்த்துவிட்டு நின்றது. என் மனைவி என்னை அடுக்களைக்குள் போகச் சொன்னாள். போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அது வாய்க்காலின் குறுக்கே கிடந்த மூங்கில் கட்டையில் ஏறி, இந்தப் பக்கம் வந்து, கூரைக்குள் நுழைந்து, பரணில் ஏறி உட்கார்ந்தது. அவள் பின்னால் போய் இரண்டு கையாலும் அதை எடுத்தாள், செடியிலிருந்து கத்தரிக்காய் பறிப்பது போல.

மூன்றையும் காலைக் கட்டி, பையில் தலை வெளியே தெரியும்படி வைத்து, ஆட்டோவில் ஏற்றிவிட்டோம். எது முதலில் என்று நான் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்துக் குழந்தையைப் பார்க்கப் போனோம். கடைத்தெரு மாடியில் கூடம் முழுக்கத் துணி காய்ந்துகொண்டிருந்தது. மகள் சுவரில் சாய்ந்து, தலையில் துணி போட்டு, கையில் ஒரு பெரிய கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். மிளகு வாசனை மாடிப்படியிலேயே அடித்தது. அக்கா அவள் எதிரே, கையில் கரண்டியோடு, தரையில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மாமா. இந்தக் கோழிய ஓட்டப்பந்தயத்துக்கா வளத்தீங்க? கறியே இல்ல, பூரா நரம்பு" என்றாள் அந்தப் பெண்.

அதற்கான காரணத்தை முதலிலிருந்து விளக்கலாம் என்று நான் வாயைத் திறந்தேன். என் மனைவி என் காலை மிதித்தாள்.

"கறி யாரு கேட்டா? சாறு எப்படி இருக்கு?" என்றார் அக்கா.

"சாறு நல்லாத்தான் இருக்கு உம்மா."

அக்கா கிண்ணத்தை வாங்கிச் சாய்த்து அடியைப் பார்த்தார். சட்டியிலிருந்து இன்னும் இரண்டு கரண்டி ஊற்றி அவள் கையில் கொடுத்தார்.

"இன்னும் ஒரு சேவல் இருக்கு. மெதுவாவே குடி."